உதடு தொங்கிய யாளி

தம்பி,

கோபமாக இருப்பாய். இருந்துகொண்டே படி. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கு, இலை போட்டுக் கூப்பிட்ட பிறகு, பெற்றவள் ஒரு வாய் சோறு சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள் என்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். வித்யா ஏதாவது சொல்லிவிட்டாளா என்று போனில் கேட்டாய். அவள் பாவம், எனக்கு உட்கார நாற்காலி தேடிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டில் குறையா, அவள் வீட்டார் மரியாதையில் குறையா என்று கேட்டாய். ஒன்றும் இல்லை. எனக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி முழுக்க வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு வாய் அடைத்துப்போனால் உனக்குப் பயமாக இருக்காதா? எனக்கே பயமாக இருந்தது. மன்னார்குடி பஸ்ஸில் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், சுகர் இறங்கிவிட்டதா என்று கேட்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். அதைக் கையிலேயே வைத்திருந்தேன், பிசுபிசுத்துப் போயிற்று.

போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். வருகிற வியாழக்கிழமை அந்தப் பழம்பொருள் கடைக்காரரின் ஆட்கள் வந்து, முற்றத்துச் சுவரில் இருக்கும் பித்தளை யாளி முகத்தைக் கழற்றி, சுவாமிமலைப் பட்டறைக்கு எடுத்துப்போகப் போகிறார்கள் என்று சொன்னாய். நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்து, தொங்கிப்போன கீழ் உதட்டையும் நிமிர்த்தி, புதிது மாதிரி ஆக்கித் தருவார்கள் என்று சொன்னாய். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்தாக வேண்டும். அதனால் தபாலை நம்பாமல், தஞ்சாவூர் காலேஜுக்குத் தினமும் போய்வருகிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை கடைக்காரருக்குப் போன் பண்ணாதே. முடித்த பிறகு பண்ணு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீடு அழகாக இருக்கிறது. மஸ்கட் வெயிலில் காய்ந்து கருத்து நீ சேர்த்தது வீண்போகவில்லை. பழைய சாமான்கள் மேல் உனக்கு எங்கிருந்து இவ்வளவு ஆசை வந்தது என்றுதான் தெரியவில்லை. நம் வீட்டில் பழசு என்று சொல்ல உன் அப்பாவின் சைக்கிளும் அவருடைய பிடிவாதமும்தான் இருந்தன. அன்றைக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. சாப்பாட்டு மேசை நடுவில், வாய் அகன்று இடுப்பு சிறுத்த பித்தளைப் பாத்திரத்தில் ரோஜாப்பூ வைத்திருக்கிறாயே, அது படிக்கம். வெற்றிலை போட்ட பெரிய மனிதர்கள் அதில்தான் எச்சிலைத் துப்புவார்கள். அதைச் சுற்றி உட்கார்ந்துதான் உன் மாமனார் கேசரி சாப்பிட்டார். வீணைக்கும் ஜால்ராவுக்கும் பக்கத்தில் சிவப்பு வெல்வெட் துணி மேல் படுக்கவைத்திருக்கும் புல்லாங்குழல், புல்லாங்குழல் இல்லை. துளை ஒன்றுகூட இல்லையே என்று உனக்குத் தோன்றவில்லையா? அது அடுப்பு ஊதுகிற குழல். பஜ்ஜிக்குச் சட்னி ஊற்றிவைத்திருந்த மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம் பாலாடை. பால் குடிக்கத் தெரியாத குறைமாசப் பிள்ளைகளுக்கு நான் அதில் சொட்டுச் சொட்டாகப் புகட்டியிருக்கிறேன். விருந்தாளிகள் முன்னால் உன் மானத்தை வாங்க வேண்டாம், பிறகு தனியாகக் கேலி பண்ணிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஒரு பொருளுக்கு என்ன வேலை என்று தெரியாமல் அலமாரியில் வைத்திருப்பது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை.

அந்தச் சிரிப்போடுதான் முற்றத்துக்குள் வந்தேன். சுவரோரம் வரிசையாக ஆட்கள். பட்டுப்புடவையும் சரிகை வேட்டியுமாக, முதுகை வளைத்து, இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்துவைத்து, சுவரிலிருந்து விழுகிற தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். குடித்துவிட்டு ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டார்கள். எனக்கு முதலில் யாளி கண்ணில் படவில்லை. அவர்கள் நின்ற விதம்தான் பட்டது. ஏன் என்று எனக்கே உடனே புரியவில்லை. அப்படிக் குனிந்து நிற்கிறவர்களைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

கடைக்காரர் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இது ஏதோ ஒரு சிவன் கோயில் கோமுகி, கர்ப்பக்கிரகத்து அபிஷேக நீர் வெளியே விழுகிற வாய், ஒரு காலத்தில் அந்தக் கோயில் தீப்பிடித்து எல்லாம் உருகிப்போனபோது இது மட்டும் தப்பித்தது, அதற்கு அடையாளம்தான் இந்தத் தொங்கிய உதடு, சக்தியுள்ள பொருள், பார்த்ததும் வாங்கிவிட வேண்டும் என்று சாருக்குத் தோன்றியதே பூர்வ புண்ணியம் என்று அடுக்கினார். நான் கிட்டே போனேன். கீழ் உதடு இடது பக்கம் வழிந்து தொங்கியிருந்தது. வலது கோரைப்பல் நுனி மழுங்கியிருந்தது. ஆனாலும் சந்தேகம். பித்தளை யாளி உலகத்தில் ஒன்றா இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது விரலை உள்ளே விட்டு அதன் நாக்கைத் தடவினேன். நாக்கில் குறுக்கே வரிவரியாக மேடு. அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். வித்யா நாற்காலி தேடியது அப்போதுதான்.

அந்த நேரம் பார்த்து என் பேத்தி இனியா வந்தாள். காலையிலிருந்து பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடிய பிள்ளை, வேர்த்து வடிய வந்தாள். வரிசை கலைந்திருந்தது. கீழே இருக்கிற கல்தொட்டியின் விளிம்பில் ஏறி, யாளியின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, அந்தத் தொங்கிய உதட்டில் வாயை வைத்து உறிஞ்சிவிட்டாள். நீ ஓடிவந்து அவளைக் கீழே இழுத்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய்.

"சாமி தண்ணியில வாய வைக்கிறியே. எல்லாம் எச்சிலாப் போச்சு."

பிள்ளை அழவில்லை. தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் உன் முகத்தையே பார்த்தாள். கடைக்காரர் உன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கவலைய விடுங்க சார். நெருப்புல போட்டு எடுத்தா எல்லாம் சரியாயிடும்."

தம்பி, இதே வார்த்தையை, இதே யாளியைப் பற்றி, நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு எச்சில் பண்ணியது என் வாய். அதற்குப் பிறகு உன் வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை.

உன் சாதிச் சான்றிதழில் ஒரு வரி இருக்கிறது, உனக்குத் தெரியும். அந்த வரியை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் எப்படி வாழ்ந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. நானும் உன் அப்பாவும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் டாக்டர் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த உனக்கு, தலை நிமிர்ந்து நடப்பது என்பது மூச்சு விடுவதைப் போல இயல்பாக வந்தது. அதைக் கெடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை. இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். அந்தச் சனியன் பிடித்த பித்தளை உன் வீடு தேடி வந்து உட்கார்ந்துகொண்டதால் சொல்கிறேன்.

என் அம்மா பண்ணை வீட்டு மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்தார். சாணி அள்ளுவது, வறட்டி தட்டுவது, வைக்கோல் பிடுங்கிப் போடுவது. வயலில் வேலை இருக்கும் நாளில் வயல், இல்லாத நாளில் தொழுவம். நான் கூடவே போவேன். அந்த வீட்டின் பின்சுவரில், ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஓட்டை போட்டு மூங்கில் குழாய் செருகியிருப்பார்கள். உள்பக்கம் குழித்த கல் ஒன்று. அந்த வீட்டு அம்மா உள்ளே நின்று கல்லில் ஊற்றினால், வெளியே குழாய் வழியாக எங்கள் கையில் விழும். தண்ணீர் அப்படித்தான், நீராகாரம் அப்படித்தான், பொங்கலன்று பாயசமும் அப்படித்தான். அந்த அம்மாள் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் சுக்கும் கருப்பட்டியும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அந்தப் பொட்டலத்தையும் குழாய் வழியாகத்தான் உருட்டிவிடுவார்.

அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. ஊர்ச் சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. வயலில் நடவு நடக்கிற இடமெல்லாம் வெறும் சிவப்பு. சங்கத்துக்காரர்கள் சைக்கிளில் வந்து எங்கள் தெருவில் கூட்டம் போட்டார்கள். அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். கூடவே, குடிக்கத் தண்ணீரை மனுஷருக்குக் கொடுப்பதுபோல் செம்பில் கொடுக்க வேண்டும், மூங்கிலில் ஊற்றுவது அவமானம் என்றும் கேட்டார்கள். கூலிப் பேச்சு நாள்கணக்கில் இழுத்தது, அடிதடி ஆனது, போலீஸ் லாரி வந்தது, பக்கத்து ஊரில் வைக்கோல்போர் எரிந்தது. பண்ணை முதலாளியை எங்கள் ஆட்கள் ஆண்டை என்பார்கள். அவர் கூலியில் ஒரு பிடிகூட இறங்கவில்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் தாராளமாக இருந்தார்.

"மூங்கில்ல ஊத்துறதுதான அவமானம்? இனிமே மூங்கில் இல்ல, போங்க."

சொன்னபடி செய்தார். சுவாமிமலையில் சொல்லிவைத்து, பித்தளையில் யாளி முகம் வார்த்து, வைக்கோல் சுற்றி மாட்டுவண்டியில் கொண்டுவந்து, அதே ஓட்டையில் மூங்கிலைப் பிடுங்கிவிட்டுப் பதித்தார்கள். விடைத்த மூக்கு, உருண்ட கண், சுருள் சுருளாகப் பிடரி, நாக்கில் வரி. எங்கள் தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. சிலருக்குப் பெருமைகூட. எந்தப் பண்ணையில் இப்படி இருக்கிறது என்று வெளியூர் உறவுக்காரர்களிடம் பேசிக்கொண்டார்கள். இதை எழுதும்போது சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. என் அம்மா சாணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. கை இன்னும் வரலியே" என்றார்.

வார்த்த ஸ்தபதி மேல் எனக்குக் கோபம் இல்லை. சாமி குளித்த தண்ணீர் விழப்போகிறது என்று நினைத்துத்தான் அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருப்பார். அந்தக் கண்களைப் பார், ஏனோதானோ என்று செய்ததா? ஒரு மனுஷி இன்னொரு மனுஷியின் கையைத் தொட்டுவிடாமல் இருப்பதற்கு இவ்வளவு அழகு. இதைத்தான் என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

நான் சின்னப்பிள்ளை. எனக்கு அது அவமானமும் இல்லை, மரியாதையும் இல்லை. சிங்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். உச்சி வெயில், அம்மா தொழுவத்தில் இருந்தார். யாளி வாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாட்டுக் கழுநீர்த் தொட்டி மேல் ஏறி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, வாய் வைத்தேன். உள்ளே மிச்சம் தங்கியிருந்த தண்ணீர் குளிர்ச்சியாக வந்தது. நாக்கோடு நாக்கு உரசியது. ஒரு வாய் குடித்திருப்பேன், பின்னாலிருந்து என் தலைமயிரைப் பிடித்து யாரோ இழுத்துக் கீழே போட்டார்கள். அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளை. அவர் போட்ட கூச்சலில் வீடே கொல்லைப்புறம் வந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார், நான் ஏதோ அவர் கழுத்தை நெரித்ததுபோல. அவர்களுக்குள் யார் யாரோ என்னென்னவோ யோசனை சொன்னார்கள். கடைசியில் ஆண்டை வந்தார்.

"எதுக்கு இவ்வளவு கூப்பாடு? நெருப்புல போட்டு எடுத்தா எல்லாம் சரியாயிடும்."

கடப்பாரையால் யாளியைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்தார்கள். தொழுவத்துக்கு முன்னால் வறட்டி அடுக்கி, கொட்டாங்கச்சிக் கரி கொட்டி, நடுவில் வைத்துக் கொளுத்தினார்கள். வறட்டி என் அம்மா தட்டியது. அதற்குத் தீட்டு இல்லையாம். நெருப்பை வளர்க்கிற வேலையையும் என் அம்மாவிடமே கொடுத்தார்கள், பெற்றதற்குத் தண்டனையாக. ஊதுகுழல் கொடுக்கவில்லை, வாய் பட்டுவிடுமே. முறத்தால் விசிறச் சொன்னார்கள். அம்மா விசிறினார். போதும் என்று அவர்கள் சொன்ன பிறகும் விசிறினார். முகமெல்லாம் சிவந்து, புடவைத் தலைப்பு பொசுங்கி, கூடக் கொஞ்சம் கரியை அள்ளிப் போட்டு விசிறினார். யாளியின் உதடு இளகி ஒரு பக்கம் வழிந்தது. அதற்குப் பிறகுதான் முறத்தைக் கீழே வைத்தார். அவர் வேண்டுமென்று செய்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிய வயதில் அவர் இல்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அம்மா முன்னால் வேகமாக நடந்தார். அடிக்கப்போகிறார் என்று பயந்து நான் பின்னாலேயே நடந்தேன். வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நின்றார். என்னைப் பிடித்துக் கரையில் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தினார். அமுக்கிக் கொல்லப்போகிறார் என்றே நினைத்தேன், தம்பி. எனக்கு உயிர் போய்விட்டது.

"வாய வச்சுக் குடிடி. வேணுங்கற மட்டும் குடி. இதுக்குச் சுவரு இல்ல."

குடித்தேன். சேறும் வைக்கோலும் கலந்த தண்ணீர். வயிறு வலிக்கிற வரைக்கும் குடித்தேன். தாகம் மட்டும் போகவில்லை, அது இந்தத் தண்ணீருக்கான தாகம் இல்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் யாளியை மறுபடி சுவரில் பதித்துவிட்டார்கள். உதடு தொங்கியது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, உள்ளே இருப்பவர்கள் கண்ணுக்கு அது படாதே என்று விட்டிருப்பார்கள். மத்தியானம் அந்த அம்மாள் உள்ளே நின்று ஊற்றினார். என் அம்மா கையை நீட்டவில்லை. தாகம் இல்லை என்றார். வீட்டிலிருந்து ஒரு மண்சட்டியில் தண்ணீர் கொண்டுபோய்த் தொழுவத்து மூலையில் வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்தடுத்த நாள்களில் தொழுவத்தில் வேலை செய்த மற்றப் பெண்களும் சட்டி கொண்டுவந்தார்கள். சங்கம் சொல்லவில்லை, யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவும் இல்லை. அந்த அம்மாள் மட்டும் பழக்கத்தில் வேளை தவறாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். கை இல்லாததால் தண்ணீர் நேராக மண்ணில் விழுந்தது. யாளிக்குக் கீழே சேம்பு முளைத்துப் பெரிய பெரிய இலையாக மண்டிவிட்டது. இலையைப் பிடுங்கி எங்கள் அம்மாதான் மாட்டுக்குப் போட்டார்.

பிறகு என்ன நடந்தது என்பதை நீ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். நில உச்சவரம்பு வந்தது, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. ஆண்டையும் கரைவேட்டிக்கு மாறி, மேடையில் ஏறிச் சமத்துவம் பேசினார். மாலை போட எங்கள் தெருவிலிருந்தும் ஆள் போனது. அதையெல்லாம் கிண்டல் செய்வேனே தவிர, அந்த ஆட்சிகள் கட்டிய விடுதியில் தங்கி, அந்தச் சோற்றைத் தின்று, அந்த உதவித்தொகையில்தான் நர்ஸ் ஆனேன். அதை மறந்தால் நான் மனுஷி இல்லை. பண்ணை வீடு பங்கு பிரிந்து, விற்று, இடித்து, இன்றைக்கு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. இடித்தபோது கதவும் தூணும் யாளியும் லாரியில் ஏறிப் போயிருக்கும். எங்கெல்லாம் சுற்றியதோ, உன்னைத் தேடி வந்துவிட்டது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போய் நிற்காதே. அவருக்கும் யாரோ சொன்ன கதையாக இருக்கும். தீயில் கிடந்தது உண்மைதானே, எந்தத் தீ என்பதுதான் வேறு. ஆனால் இனிமேல் பழைய பொருள் எதையாவது ஆசைப்பட்டு வாங்கும்போது, எந்தக் காலத்தது, எவ்வளவு எடை என்று மட்டும் கேட்காதே. இதன் பிடி யார் பக்கம் இருந்தது, வாய் யார் பக்கம் இருந்தது என்று கேள். படிக்கமாக இருந்தாலும் கேள். அதில் துப்பியவர்கள் ஒரு பக்கம், அதைத் தினமும் கழுவியவர்கள் ஒரு பக்கம். ரோஜாப்பூவை எடுக்கச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஊரான் எச்சிலைச் சுமந்த பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையின் வாயை எச்சில் என்று சொன்னாயே, அது மட்டும் என் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை.

எச்சில் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், தம்பி. ஊசியையும் கத்தரிக்கோலையும் கொதிக்கவைத்தே என் காலம் போயிற்று. கிருமியைக் கொல்வதற்கு எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எந்த வாயையும் நான் எச்சில் என்று நினைத்ததில்லை. பிறந்த குழந்தையின் வாயில் விரலை விட்டுச் சளியை வழித்து எடுத்திருக்கிறேன், உன் வாயிலும்தான். நீ அந்தச் சொல்லை எங்கே கற்றாய்? உனக்கு நாங்கள் சொல்லித்தரவில்லை. வீட்டுக்குள் ஒரு பொருள் வந்தால் அதோடு அதன் பேச்சும் வந்துவிடுமோ என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

இந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது, அதைப் பிடுங்கிக் காவிரியில் போட்டுவிடு என்று எழுதுவதாகத்தான் இருந்தேன். எழுத எழுத மனசு மாறிவிட்டது. நான் ஏன் அதைப் போடச் சொல்ல வேண்டும்? அந்த உதட்டை அப்படி வழியவிட்டது என் அம்மாவின் கை. அவருக்கு ஒரு போட்டோகூட நம்மிடம் இல்லை. அவர் இந்த உலகத்தில் விட்டுப்போன அடையாளம் அது ஒன்றுதான். அதைத்தான் வியாழக்கிழமை நிமிர்த்திக் கொண்டுவரப் போகிறார்கள். விடாதே. நெருப்பும் வேண்டாம், சுத்தமும் வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை சுட்டாயிற்று.

இனியாவைக் கூப்பிட்டு, அடித்தது அப்பா செய்த தப்பு என்று சொல். கதையெல்லாம் இப்போது வேண்டாம், வளரட்டும். பிறகு ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, யாளியை அந்த உயரத்திலிருந்து எடுத்து, பிள்ளை தரையில் நின்றால் வாய் எட்டுகிற மாதிரி கீழே இறக்கிப் பதி. வருகிறவர்கள் கையைக் குவிக்க வேண்டாம். தாகம் எடுத்தவர்கள் வாயை வைத்துக் குடிக்கட்டும். நல்ல தண்ணீராக விடு, மோட்டார் தண்ணீர் உப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன். அன்றைக்குச் சாப்பிடாமல் போனதையும் சேர்த்துச் சாப்பிடுவேன் என்று வித்யாவிடம் சொல். சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை இனிமேல் தொட்டி மேல் ஏறக் கூடாது, முட்டி வலித்தாலும் நான் உட்கார்ந்து குடித்துக்கொள்வேன், அதனால் கொத்தனாரை மறந்துவிடாதே. முதலில் இனியா குடிக்கட்டும், அவளுக்குப் பிறகு நான். அன்றைக்கு ஒரே ஒரு வாய்தான் குடித்தேன், அதற்குள் இழுத்துவிட்டார்கள்.

உன் அம்மா